அச்சுச் சுற்றுப்பலகை வடிவமைப்பு மென்பொருள் தெரிவில் கோப்பின் ஆயுள்: ஈகிள், கீகேட் – ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: அச்சுச் சுற்றுப்பலகை, ஈகிள், கீகேட், கோப்பு வடிவம், உரிமம்

முன்னுரை

மின்னணுச் சுற்றுகளையும் அவற்றைத் தாங்கும் அச்சுச் சுற்றுப்பலகைகளையும் வரைய உதவும் மென்பொருள்களை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் அட்டவணைகளாகவே அமைகின்றன. விலை என்ன, எத்தனை செப்பு அடுக்குகள் வரையலாம், நூலகத்தில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பனவே அவற்றின் அளவுகோல்கள். இவை பிழையானவை அல்ல. ஆயினும் மென்பொருளை வாங்கும் நாளை மட்டுமே அளக்கின்றன. தொழிற்கூடத்தில் பொருத்தப்படும் பலகையோ பத்தாண்டுக்கு மேலும் உழைக்கக்கூடியது. அதிலுள்ள சில்லு ஒன்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டால், பழைய கோப்பைத் திறந்து அப்பகுதியை மாற்றி வரைய வேண்டும். அன்று அக்கோப்பு திறக்குமா என்பதே தெரிவின் முதற்கேள்வியாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஈகிள் தரும் சான்று

ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட ஈகிள், மாணவரிடமும் சிறு நிறுவனங்களிடமும் பரவலாகப் புழங்கியது. அதன் கட்டணமில்லாப் பதிப்பில் 100 × 80 மில்லிமீட்டர் பரப்பும் இரண்டு செப்பு அடுக்குகளும் வரம்பு. பயிற்சிக்கு அது தாராளம். ஆர்டுயினோ பலகைகளின் மூலக் கோப்புகளே ஈகிள் வடிவில் வெளியிடப்பட்டன என்பது அதன் செல்வாக்குக்குப் போதிய சான்று. 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதனை வாங்கியது. 2017-இல் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறை நீங்கிச் சந்தா முறை வந்தது. சந்தா நின்றால் பெரிய பலகையைத் திருத்தும் உரிமையும் நிற்கும். பின்னர், 2026 ஜூன் 7-ஆம் நாளுடன் ஈகிளின் விற்பனையும் ஆதரவும் முடியும் என 2023-இல் அறிவிப்பு வந்தது. பயனர்களுக்குக் காட்டப்பட்ட வழி, அதே நிறுவனத்தின் ஃபியூஷன்.

எந்த ஒப்பீட்டு அட்டவணையும் இதனை முன்னறிந்து சொல்லியிருக்க இயலாது. ஆனால் ஈகிளின் ஆறாம் பதிப்பில் நிகழ்ந்த ஒரு மாற்றம் அட்டவணைகளில் இடம்பெற்றிருக்க வேண்டும், பெரிதும் இடம்பெறவில்லை. அதுவரை இருமக் கோப்பாக இருந்த வடிவமைப்பு, அப்பதிப்பு முதல் எவரும் படிக்கத்தக்க எக்ஸ்எம்எல் உரையாகச் சேமிக்கப்பட்டது. அதனாலேயே பிற மென்பொருள்கள் ஈகிள் கோப்புகளைப் படிக்கும் நிரலை எழுதுவது எளிதாயிற்று. 2018-இல் வந்த கீகேட் ஐந்தாம் பதிப்பு, ஈகிளின் சுற்று வரைபடத்தையும் பலகையையும் ஒருசேர இறக்கிக்கொள்கிறது. மென்பொருள் மறைந்தாலும் கோப்பு பிழைத்தது, அதன் வடிவம் வெளிப்படையாக இருந்ததால்தான். தமிழ்க் கணினித் துறையினர்க்கு இது பழகிய கதை: ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளுள் குறியாக்கம் அறியப்பட்டவற்றையே மாற்றிகள் மீட்டன.

தயாரிப்புக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகள் கைவசம் இருந்தால் போதாதா எனலாம். போதாது. கெர்பர் என்பது ஒவ்வோர் அடுக்கின் படம். அதைக்கொண்டு பலகையை மறுபடி செய்யலாம், சுற்றைத் திருத்த இயலாது. அச்சான நூல் இருக்கக் கைப்பிரதி தொலைந்த நிலை அது.

கீகேட்டும் அதன் எல்லையும்

பிரான்சின் ழான்-பியர் ஷரா 1992-இல் தொடங்கிய கீகேட் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படுவது. 32 செப்பு அடுக்குகள் வரை இடமளிப்பது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2013 முதல் இதன் ஆக்கத்தில் பங்கேற்றது. வன்பொருள் வடிவமைப்புகளைப் பொதுவில் வைக்க முனைந்த ஆய்வகத்துக்கு, அவற்றைத் திறக்கவே விலைமிக்க மென்பொருள் தேவைப்படும் நிலை முரணாகத் தோன்றியது இயல்பே.

ஆயினும் கீகேட்டைக் குறையற்றதெனப் போற்றுவது மற்றொரு மிகை. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. எனவே ஒரு குழுவினர் அனைவரும் ஒருங்கே மாற வேண்டும். அதிவேகச் சைகைகள் தடங்களில் சிதைவதை முன்கூட்டிக் கணிக்கும் ஆய்விலும், பலர் ஒரே பலகையில் பணியாற்றும் ஒழுங்கிலும் ஆல்டியம், அலெக்ரோ போன்ற வணிக மென்பொருள்கள் முன்நிற்கின்றன. அத்தகைய பணியில் கோப்பின் ஆயுள் என்னும் அளவுகோல் இரண்டாம் இடத்துக்கு இறங்குவதில் தவறில்லை. கல்லூரி ஆய்வகத்தின் நான்கடுக்குப் பலகைக்கு அந்த விலக்கைக் கோருவதற்கு நியாயமில்லை.

இறக்குமதி உண்டு என்னும் விளம்பர வரியையும் அப்படியே ஏற்கலாகாது. ஈகிளில் பயனர் எழுதிய குறுநிரல்கள் கீகேட்டுக்கு வாரா. செப்பு நிரப்பிய பரப்புகள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் விளிம்புகளும் இடைவெளிகளும் மாறக்கூடும். முடிந்த பலகை ஒன்றை இறக்கி, இரு மென்பொருள்களிலிருந்தும் கெர்பர் எடுத்து, அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பின்னரே பழைய உரிமத்தைக் கைவிடுவது தகும்.