வெடிக்காத நட்சத்திரம்

திருவாதிரை நட்சத்திரக்காரர்கள் கவனத்துக்கு: உங்கள் நட்சத்திரம் நல்லாவே இருக்கிறது. பயப்பட வேண்டாம்.

விஞ்ஞானிகள் பீட்டல்ஜூஸ் என்று சொல்லும் இந்தத் திருவாதிரை, 2019 கடைசியில் மளமளவென்று மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில், வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கும் சில்லறையும்தான் பாக்கி. விடுவார்களா நம் ஆட்கள்? டி.வி.யில், யூ டியூபில், வாட்ஸ்அப்பில் ஒரே பாட்டு: 'எந்த நேரமும் வெடிக்கலாம்!' பின்னணியில் திகில் மியூசிக் வேறு.

அந்தச் செய்திகள் மேல் எனக்கு மூன்று புகார்கள்.

ஒன்று, அந்த 'எந்த நேரமும்'. நட்சத்திரக் கணக்கில் சீக்கிரம் என்றால், ஒரு லட்சம் வருஷம்கூட ஆகலாம். நாளைக்குப் பால்காரர் வருவதற்குள் என்று அர்த்தமில்லை. அது இருப்பதோ ஐந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால். அப்படியே வெடித்தாலும் நமக்கு ஆபத்தில்லை. பட்டப்பகலில் ஒரு நட்சத்திரம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு, பாதிக் கதையோடு ஓடிப்போனது. நான் பி.காம். படித்தவன். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்களில் வெளிச்சம் திரும்பிவிட்டது. காரணத்தை 2021-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நட்சத்திரம் தன் உடம்பிலிருந்து வாயுவைக் கக்கியிருக்கிறது. மேற்பரப்பில் ஓரிடம் குளிர்ந்துபோக, கக்கியது தூசியாகி முகத்துக்கு முன்னால் திரை போட்டுவிட்டது. கக்கிய சரக்கின் எடை, நம் நிலாவைப்போலப் பல மடங்கு! சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாய்வரை விழுங்கிவிடும் ராட்சசன் தும்மிய கதை இது. வெடிப்பைவிட சுவாரஸ்யம் இல்லையா? இதற்கு மியூசிக் போட ஆளில்லை.

மூன்றாவதுதான் பெரிய புகார். 'வெளியே போய்ப் பாருங்க' என்று நான் பார்த்த எந்தச் செய்தியும் சொல்லவில்லை. வழக்கமாக ரோகிணியைவிடத் திருவாதிரை பளிச். அந்த பிப்ரவரியில் நேர்மாறு. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, திண்ணனூர் நாட்டில் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைக் கண்டுபிடித்திருக்கலாம். டெலஸ்கோப் வேண்டாம், டி.வி.யும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் நாம் கொடுத்தது பீதி மட்டும்தான்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதுசு இல்லை. சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இப்படி வெளிச்சம் ஏறி இறங்கும் ஒரு நட்சத்திரத்தை 1867-லேயே கண்டுபிடித்தவர். தினம் பார்த்தார், எழுதி வைத்தார்.

நீங்களும் செய்யலாம். தை மாதம் ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்கு இடது கைப் பக்கம் செக்கச் சிவந்து ஒன்று. அதுதான் திருவாதிரை. இன்னும் மேலே, இன்னொரு சிவப்பு, ரோகிணி. இரண்டில் எது பளிச் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மொட்டை மாடி போதும்.

அடுத்த தடவை டி.வி. அலறும்போது, முதலில் அந்த நோட்டைப் புரட்டுங்கள்.