செங்கல் அல்ல, செந்நிறக் கல்

தென்மேற்கு பிரான்சின் கொரேஸ் மாவட்டத்தில் இருக்கிறது கொலோன்ஜ்-லா-ரூஜ். வீடு, மதில், கோபுரம் எல்லாமே செக்கச் சிவப்பு. மணற்கல்லில் கலந்த இரும்பு ஆக்சைடு தந்த நிறம் அது. மழையில் நனைந்தால் இன்னும் அடர்ந்துபோகும்.

இத்தனை சிவப்புக்கும் நடுவே, 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் வாசலுக்கு மேல் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அதில் இயேசு விண்ணேறுகிறார். கீழ்வரிசையில் மரியாவும் சீடர்களும். ஊரிலேயே கண்ணை நகரவிடாத இடம் இதுதான்.

ஆட்கள் வெளியேறி வெறிச்சோடிய சிற்றூர்களுக்கு உயிரூட்ட, இவ்வூர் மேயர் ஷார்ல் செய்ராக் 1982இல் ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர, மக்கள்தொகை 2,000ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு நல்ல விதி!

வீதிகளை நடந்தே பார்க்க வேண்டும். ஊர் முடிந்ததும் வால்நட் மரங்கள் தொடங்கிவிடுகின்றன.