கருவாச்சிக்கு நாற்காலி எங்கே?

பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்குப் பெருமை என்று பாடிப் பாடிப் பழகிய நாடு இது. அந்தப் பழம்பாட்டு புதுமெட்டிலும் வருவதுண்டு. மெட்டு இனிக்கும்போதுதான் பொருளை உரைத்துப் பார்க்கும் கடமை நமக்கு மிகுதியாகிறது.

ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலான வைரமுத்துவின் ‘கருவாச்சி காவிய’த்தையே எடுத்துக்கொள்வோம். வைகை அணைக்காக ஊரிழந்து வடுகபட்டியில் குடியேறிய குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஆகவே தேனி வட்டாரத்து மண்ணும் உழவும் பேச்சும் அந்நூலில் உயிரோடு உலவுகின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. மணமான சில நாட்களிலேயே ஊர்ப் பஞ்சாயத்தில் கணவனால் அறுத்துவிடப்படுகிறாள் கருவாச்சி. தனித்து நிற்கிறாள், மகனைப் பெறுகிறாள், வளர்க்கிறாள். கண் கலங்காமல் படிப்போர் அரியர்.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்போம். ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்த்துக்கட்டும் அந்தப் பஞ்சாயத்து யாருடையது? ஆடவருடையது. அதன் அநீதியை நூல் காட்டத்தான் காட்டுகிறது. ஆயினும் படித்து முடித்தபின் நெஞ்சில் நிற்பது அவள் தாங்கிய துன்பமேயன்றி, தீர்ப்புக் கூறும் இடத்தில் அவள் ஏன் இல்லை என்னும் கேள்வி அன்று. அதுவே நாம் காணும் குறை.

1936இல் வெளிவந்தது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’. பிரசாரம் மிகுந்த நூல்தான். கலைநயத்தில் குறை கூறுவோர் கூறட்டும். ஆனால் அதில் பெண்கள் அழுது ஓயவில்லை. பேசுகிறார்கள், கூடுகிறார்கள், இழிவை ஒழிக்கும் வேலையில் தாமே இறங்குகிறார்கள். எழுதியவரும் 1938இல் திருச்சியிலிருந்து சென்னை வரை இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்தவரன்றோ!

பல மொழி, பல குலம் வாழும் இடத்தில் பெண்கள் ஒன்றாகத் தலைமை ஏற்க முடியுமா என்று ஐயுறுவோர் உளர். வடுகர் என்பது தெலுங்கு நாட்டாருக்குப் பழந்தமிழ் நூல்கள் தந்த பெயர். வடுகபட்டியின் பெயரே அதை ஏந்தி நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். அம்மொழியா பெண்களைப் பிரிக்கிறது? வயலில் ஒன்றாகவே களை எடுக்கிறார்கள். பிரிப்பது சாதிக் கூட்டம். அங்கே எந்த மொழியிலும் பெண்ணுக்குப் பேச்சில்லை.

வீட்டில் கன்னடம் பேசிய ஈரோட்டு ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடே வழங்கியது. ரங்கூனில் பிறந்த மீனாம்பாள் சிவராஜ் போன்றோர் அந்நாளில் முன்னின்று உழைத்தனர். பிறந்த ஊரும் குலமும் வேறு, கொள்கை ஒன்று. தலைமை அப்படித்தான் பிறந்தது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாட்டில் 2016இல் அது பாதியாயிற்று. 2022 பிப்ரவரியில் பேரூராட்சிகளுக்கு நடந்த தேர்தலும் அவ்வாறே நடந்தது. ஆயினும் தலைவி கையொப்பமிட, கணவர் ஆணையிடும் காட்சி நாடெங்கும் மறையவில்லை. நாற்காலியில் அமர்வது வேறு, ஆள்வது வேறு.

இளந்தோழர்களே! படிப்பகத்தில் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள்; ஆணும் பெண்ணும் கலந்து வாதிடுங்கள். வரவு செலவுக் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் பிறர் துணையின்றிப் படிக்கவும், கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசவும் எல்லாக் குலத்துப் பெண்களும் பயிலும் இடமாக அதை ஆக்குங்கள். உங்கள் வீட்டுப் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டால், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உங்களுக்கொரு நாற்காலி போடாதீர்கள்.

கருவாச்சிக்குக் காவியம் கிடைத்துவிட்டது. தீர்ப்புக் கூறும் இடம் இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.