அசனப் பந்தியும் கல்லறைத் தோட்டமும்

திருநெல்வேலிச் சீமையின் வேதக்கோயில் ஊர்களைப் பற்றி வெளியாட்கள் சொல்லும் கருத்து, அவர்கள் எந்த மாதம் அங்கே போனார்கள் என்பதைப் பொறுத்தது. அசனப் பண்டிகைக்குப் போனவர் மெய்சிலிர்த்துத் திரும்புவார். திருமண்டலத் தேர்தல் சமயத்தில் போனவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்புவார். இரண்டையும் நடத்துகிறவர்கள் ஒரே ஜனங்கள். பந்தியில் பக்கத்து இலைக்குச் சோறு தள்ளுகிறவர்தான் தேர்தலில் கோஷ்டி கட்டுகிறார். ஆகவே இந்தச் சபைகளின் ஒட்டுறவைப் புகழ்வதும் எளிது, பழிப்பதும் எளிது. அது எதனால் ஆனது, யாரை வாழவைத்தது, யாரிடம் என்ன விலை வாங்கியது என்று கணக்குப் பார்ப்பதுதான் கடினம்.

தொடக்கத்தில் இது சொந்தக்காரர்களின் கூட்டமாக இருக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த மராத்திப் பிராமண விதவை ஒருவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல், குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர், பல சாதியினர். 1785இல் குளோரிந்தா எழுப்பிய கோயிலுக்கு மக்கள் வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். எந்த ஊர்க் கூட்டத்திலும் இடமில்லாத ஒரு பெண்ணைச் சுற்றித்தான் திருநெல்வேலிச் சபை முளைத்தது. பின்னால் வந்ததை எடை போடும்போது இதை மறக்கக் கூடாது.

சேர்ந்து குடியிருக்கும் வழக்கம் பிறகு வந்தது. அது ஆசையால் வந்ததல்ல, அடி வாங்கியதால் வந்தது. 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தமும் உடனிருந்தவர்களும் உள்ளூர் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறிய இடம் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்தத் தற்காப்பை ஒரு முறையாகவே ஆக்கினார். 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்க ஏற்பட்டது. விதவைகளுக்கும் ஒரு நிதி வந்தது. பனையேறிப் பிழைத்த குடும்பங்களுக்கு ‘நம் இடம்’ என்று சொல்லிக்கொள்ள மண் கிடைத்தது. அந்த மண்ணில் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்லறைத் தோட்டம். இதன் அருமை, நிலமில்லாமல் அடுத்தவர் தயவில் குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அதே மண்ணில்தான் சிக்கலும் ஊன்றப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நாடார்கள் ஊர் ஊராக வேதத்தில் சேர்ந்தபோது பல இடங்களில் ஊரும் சாதியும் சபையும் ஒன்றாகிப் போயின. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் ஒரே கோயிலில் இருந்தால் ஒட்டுறவு வராமல் என்ன செய்யும்? சபை உண்டாக்கிய அன்பு என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி சொந்தபந்தம் முன்பே வைத்திருந்தது. சபை அதன்மேல் கூட்டியது வேறு: பதிவேடு, சந்தா, எழுத்தறிவு, மாதாந்திரக் கூட்டம், கணக்கு வாசிப்பு. இவற்றால் சொந்தபந்தத்தின் அன்புக்கு ஒரு கடமை முகம் வந்தது. பிடிக்காத பங்காளி வீட்டுச் சாவுக்கும் பாடகர் குழு போயாக வேண்டும்.

அந்தச் சாவு வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். கோயில் மணி நிறுத்தி நிறுத்தி அடிக்கும்போதே ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். உபதேசியார் வந்து ஜெபம் செய்து, அடக்க நேரம் குறிப்பார். யாரும் சொல்லாமலே கோயில் பெஞ்சுகள் முற்றத்துக்கு வரும், பந்தல் நிற்கும், குழி தோண்ட ஆள் போகும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பாமாலைப் புத்தகத்தோடு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் யார் வீட்டுக் காபி, யார் வீட்டுக் கஞ்சி என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். செத்தவரின் மகனுக்குச் செய்வதற்கு அழுகையைத் தவிர எதுவும் மிச்சம் இருக்காது. பெரிய ஊர்களில் ஒரு அடக்கத்துக்கு எத்தனை பேரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள். இந்தத் தராசுத் தட்டில் நான் எதையும் குறைத்துப் போடத் தயாராக இல்லை.

இப்போது அடுத்த தட்டு. பல இடங்களில் குழி தோண்டுவதற்கு முன் ஒரு நோட்டு திறக்கப்படும். சங்கம் என்னும் சபைச் சந்தாவைக் கட்டியிருக்கிறார்களா, எத்தனை வருஷப் பாக்கி? பாக்கியைக் கட்டிய பின்தான் மற்றது. கல்யாணத்திலும் இதே கதை: பாக்கி தீராமல் கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கப்படாது. பணம் பெரிதல்ல, பெரும்பாலும் சிறு தொகைதான். ஆனால் கேட்கப்படும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மறுத்துப் பேச மனிதனுக்குத் தெம்பில்லாத நாள் அது.

அசனப் பண்டிகையிலும் அறுப்பின் பண்டிகையிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. அசனத்துக்கு அரிசி வீடு வீடாக வரும், ஆடு நேர்ச்சையாக வரும். முந்தின இரவு முழுக்க ஆண்கள் வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்கிக்கொண்டு கதை பேசுவார்கள். விடியும்போது ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். வங்கி அதிகாரியும் பனையேறியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தூக்குச்சட்டியில் வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்திலோ ஒரு பூசணிக்காய் நூறு பூசணிக்காய் விலைக்குப் போகும். கேட்டவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். கேட்க முடியாதவர் பின்வரிசையில் இருப்பார். காணிக்கைப் பட்டியலைப் பெயரோடும் தொகையோடும் வாசிக்கும் வழக்கத்தைக் கணக்குச் சுத்தம் என்று நியாயப்படுத்தலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசிப் பெயராக வருகிறவரின் காதுக்கு அது கணக்காக மட்டும் கேட்பதில்லை.

நெருங்கிய சபை ஒன்றை அளக்க அதோடு ஒத்துப்போகிறவர்களைக் கேட்டால் போதாது. முரண்பட்டவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நாசரேத் பகுதியில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனெரியோடு மோதி வேலையை இழந்தார். 1849இல் கால்டுவெல் ஐயர் எழுதிய நூல் தம் சாதியாரான நாடார்களை இழிவுபடுத்துவதாகக் கொதித்தார். 1857இல் ஐரோப்பியப் பழக்கங்களைத் தள்ளிவிட்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, தனிச் சபையே கண்டார். ஊருக்குள் மாற்றுக்கருத்துக்கு இடமிருந்திருந்தால் தனிச் சபை தேவைப்பட்டிருக்காது என்பது ஒரு வாசிப்பு. தனியே போனவரும் தம் சாதியாரைச் சேர்த்துக்கொண்டே போனார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் பாடம் தருகிறது: பிரிந்து போகிறவருக்கும் அண்டிக்கொள்ளச் சாதியை விட்டால் வேறு திண்ணை கிடையாது.

சாதியைப் பற்றிக் கத்தோலிக்க வடக்கன்குளத்தைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் என்று ஒரே கோயிலைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இடிக்க ஒரு பாதிரியாரின் பிடிவாதம் தேவைப்பட்டது, இடித்ததை எதிர்த்து நீண்ட வழக்கும் நடந்தது. அப்படி இடித்த பிறகும் கதை முடியவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் வன்னியர் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சீர்திருத்தச் சபையார் இதைப் படித்துவிட்டு, நம்மிடம் சுவர் இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்வதுண்டு. சுவர் இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படும் ஓலைகளை ஒரு வருஷம் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எத்தனை தடவை வேறு வேறு சாதி? நற்கருணைப் பாத்திரத்தில் ஒன்றாகும் வாய்கள் சம்பந்தம் பேசும்போது பிரிந்துவிடுகின்றன.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானது. இந்த ஊர்கள் தங்களுக்குள்ளேயே சுருண்டுவிட்டன என்றால் 1903ஐ எப்படி விளக்குவது? வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்நின்று அந்த ஆண்டு தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணம் இல்லாமல், இவ்வூர்களின் காணிக்கையைக் கொண்டே நிஜாம் ராஜ்ஜியத்தின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. மொழி வேறு, சாதி வேறு, முகமே பார்த்திராத ஜனங்கள். 1912இல் அசரியா அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். சமைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பெண்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. நெருக்கம் வெளியே திறக்கவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோர்ணக்கல்லுக்கு அரிசி கொடுப்பதில் உள்ளூர் ஒழுங்கு எதுவும் குலையாது. பக்கத்துத் தெருவோடு சம்பந்தம் கலந்தால் குலையும். தூரத்து அன்பைச் செய்து காட்டிய ஊர்கள் கிட்டத்து அன்பைத் தள்ளிப்போட்டன.

புதிதாக முளைத்திருக்கும் தனிச்சபைகள் இதற்கு மாற்றா? வாசல் அங்கே அகலம். யார் எந்தச் சாதி என்று முதல் நாளில் யாரும் கேட்பதில்லை. நோயாளிக்கு வீடு தேடி வந்து உபவாசித்து ஜெபிக்கிறார்கள். ஆனால் பலவற்றுக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை, பாஸ்டரைக் கேள்வி கேட்கக் கமிட்டியும் இல்லை. அதனால்தான் ஞாயிறு காலையில் அங்கே கைதட்டிப் பாடுகிறவர், தம் பழைய சி.எஸ்.ஐ. கோயிலில் சங்கமும் தவறாமல் கட்டிவருகிறார். கேட்டால் சிரித்துக்கொண்டே, ‘மண்ணுக்குத்தான்’ என்பார். இரண்டு சபைகளைப் பற்றியும் இதைவிடத் துல்லியமான விமரிசனம் எனக்குக் கிடைத்ததில்லை.

தேர்தலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அவற்றின் வேலைகளும் இருக்கும் வரை கோஷ்டி இருக்கும், வழக்குகள் உயர் நீதிமன்றம் போகும். அது சொத்தின் நோய்.

என் தீர்ப்பு இது. விழுந்தவனைத் தூக்கும் வேலையில் இந்தச் சபைகளுக்கு நம் சமூகத்தில் இணை குறைவு. அந்த வேலைக்காகவே இவை நிலைக்க வேண்டும். வெளியே நிற்பவரைத் தம்மவராக்கும் வேலையில், குளோரிந்தாவின் 40 பேரைவிட இவை பின்தங்கிவிட்டன. முதல் வேலையின் வெற்றியைக் காட்டி இரண்டாவதன் தோல்வியை ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே காரணத்தால், சொந்தபந்தத்தால், நேர்ந்தவை. சாவு நாளில் பாக்கி நோட்டைத் திறப்பதை இன்றே நிறுத்தலாம். சங்கம் வசூலாகாது என்று கமிட்டியார் பயப்படுவார்கள். அசனத்துக்கு அரிசி எந்த நோட்டையும் காட்டாமலே வந்து குவிகிறது என்பதை அவர்களே கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாக்கி நோட்டின் காரியத்தை ஒரு மாலைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு முடித்துவிடலாம். அடுத்த தெருவின் காரியம் தீர்மானத்தில் முடியாது. அதற்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும், அதைச் சபைப் பெரியவர்கள் தங்கள் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.