சட்சுமா மட்கலங்களும் சேகரிப்போர் சுவையும்

யப்பானியக் கைவினைப் பொருள்களுள் மேனாட்டார் பெரிதும் விரும்பிச் சேகரித்தவற்றுள் சட்சுமா மட்கலமும் ஒன்று. அதனைப் போற்றுவோர் பலர் மேலே தீட்டப்பெற்ற எனாமல் வண்ணத்தையும் பொன்னையுமே போற்றுகின்றனர். அவற்றைத் தாங்கும் மேற்பரப்பை நோக்குவார் சிலரே. ஆயின், அக்கலத்தின் தனிச்சிறப்பு அம்மேற்பரப்பிலேயே உளது.

1592 முதல் 1598 வரை நிகழ்ந்த கொரியப் படையெடுப்புக்களின்போது, சட்சுமாப் பகுதியை ஆண்ட ஷிமாசு குலத்தார் கொரியக் குயவரைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். அக்குயவர் மரபில் எழுந்தனவே தந்தநிறக் கலங்கள். சூடு ஆறுங்கால் மேற்பூச்சு உள்மண்ணினும் மிகுதியாகச் சுருங்குதலால், வலைபோன்ற நுண்வெடிப்புக்கள் அதன்கண் தோன்றுகின்றன. குறையெனத் தள்ளத்தக்க இதனையே குயவர் அழகாக்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் இப்பரப்பின்மேல் எனாமலும் பொன்னுந் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டுஞ் சுடும் முறை வளர்ந்தது. அளவறிந்து தீட்டிய கலங்களில் மலர்க்கொத்தொன்று ஒருபுறம் நிற்க, எஞ்சிய இடத்தில் வெடிப்புவலை விளங்கித் தோன்றும்.

1867இற் பாரிசிலும் 1873இல் வியன்னாவிலும் நடைபெற்ற கண்காட்சிகளின் பின் நிலை மாறிற்று. ஏற்றுமதியை நாடிக் கியோத்தோ, ஒசாக்கா, யொக்கொகாமா முதலிய நகரங்களிலும் சட்சுமாப் பாணிக் கலங்கள் பெருகின. புத்த அடியாரும் பறவைநாகமும் ஆயிரம் மலர்களும் கலமெங்கும் நெருங்கின. புடைத்தெழுந்த எனாமற் புள்ளிகள் வெடிப்புவலையை மறைத்தன. வட்டத்துள் அமைந்த சிலுவையாகிய ஷிமாசு குலச்சின்னம் பிறவூர்க் கலங்களிலும் பொறிக்கப்பட்டது. ஆதலின் சின்னம் ஒன்றையே சான்றாகக் கொள்ளல் பொருந்தாது.

நெருக்கம் முழுதுங் குற்றமோ எனின், அன்று. ஒசாக்காவில் தொழிற்கூடம் நடத்திய யாபு மெய்சான் (1853–1934) என்பாரின் கலங்களிற் காணும் நுண்மை வியக்கத்தக்கது. எனினும், அவர்தம் பிற்காலக் கலங்கள் பலவற்றில் ஓவியங் குறைந்து வெளி மிகுந்திருத்தல் கருதற்பாலது. கைத்திறன் நிரம்பிய ஒருவரே அடக்கத்தை நாடினார் எனின், திறன் வேறு, சுவை வேறு என்பது பெறப்படும்.

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் வழக்கு. சட்சுமாக் கலத்திலோ சுவரும் சித்திரத்தின் ஒரு கூறாகும். எனவே, சேகரிப்போர் கலத்தைக் கையிலெடுத்ததும் வண்ணந் தீட்டாத இடத்தையே முதலில் நோக்குதல் தகும். அவ்விடம் அழகுற அமைந்த கலமே பொன் தேய்ந்த பின்னும் மதிப்புக் குன்றாது நிற்கும்.