பேசாத பொதுமகன்: ஆர். கே. லக்ஷ்மணின் கேலிச்சித்திரங்கள் பற்றி ஒரு நோக்கு

கலைஞன் பிறக்கிறானேயன்றி ஆக்கப்படுவதில்லை என்போர், ஆர். கே. லக்ஷ்மணின் (1921–2015) வாழ்க்கையைச் சான்றாகக் காட்டுவதுண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அவரைப் போதிய திறமையில்லை எனக் கூறிப் பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரி சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஆயின், தானே கற்றவர் என்பது தனியே கற்றவர் என்பதாகாது. தலைமையாசிரியரான தந்தையின் வீட்டுக்கு வந்த இதழ்கள், பத்திரிகையிற் கண்டு வியந்த டேவிட் லோவின் சித்திரங்கள், தமையனார் ஆர். கே. நாராயணின் கதைகளுக்கு வரையக் கிடைத்த வாய்ப்பு ஆகியனவே அவரது கலைக்கூடம். அன்று கற்ற நடுத்தர வர்க்கத்துக்கே கிட்டக்கூடியதாயிருந்த கலைக்கூடம் அது.

பம்பாயில் 'பிறீ பிறெஸ் ஜேர்னல்' உரிமையாளர் பொதுவுடைமையினரைக் கேலி செய்யவேண்டாமெனப் பணித்தமையே லக்ஷ்மண் அப்பத்திரிகையை விட்டு விலகக் காரணமாயிற்று. முற்போக்காளர் இதனை மழுப்பிச் செல்லலாகாது. எம்மைக் கேலி செய்யும் சுதந்திரமும் கலைஞனின் சுதந்திரமே. எனினும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் வரைந்தது 'ரைம்ஸ் ஒவ் இந்தியா' என்னும் பெருமுதலாளிய நிறுவனத்திலேயாகும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதே 'பிறீ பிறெஸ்' அலுவலகத்தில் உடன் வரைந்த பால் தாக்கரே 1966இல் சிவசேனையைத் தொடங்கித் தென்னிந்தியத் தொழிலாளருக்கும் ஊழியருக்கும் எதிராக இனவாதத்தைக் கிளப்பினார். தூரிகை தன்னளவில் முற்போக்கானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1951இல் தோன்றிய 'பொதுமகன்' வேட்டியும் கட்டம்போட்ட கோட்டும் அணிந்தவன், வழுக்கைத் தலையன், மூக்குக்கண்ணாடிக்காரன். அமைச்சரின் வாக்குறுதியையும் அதிகாரியின் கோப்பையும் கண்டு நிற்பான், பேசான். இம்மௌனத்தை வெறும் கோழைத்தனமெனத் தள்ளிவிடுதல் வரட்டுவாதமாகும். சாட்சியாக ஒருவன் நிற்பதாலேயே அதிகாரத்தின் பொய் அம்பலமாகிறது. அதுவே லக்ஷ்மணின் சாதனை. ஆனால் அவனது தொழில் யாது, கூலி எவ்வளவு, தோழர் யாவர் என்பன எமக்குத் தெரிவதில்லை. உற்பத்தி உறவுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவனால் முரண்பாட்டைக் காணமுடிகிறது. அதில் ஒரு தரப்பாக நிற்க முடிவதில்லை. காலைதோறும் அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு அலுவலகம் செல்லும் வாசகனுக்கு அச்சிரிப்பே எதிர்ப்பின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

சிலாபக் கரையிலிருந்து நோக்கும் எமக்கு இக்குறை தெளிவாகவே புலப்படுகிறது. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றம் படகோட்ட முடியாத நிலையை உண்டாக்கியபோது இங்குள்ள மீனவர் வீதிக்கு வந்தனர். படையினரின் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். அன்று இக்கரையிற் பொதுமகன் பார்வையாளனாக இருக்கவில்லை. பேசினான், அதற்கு விலையும் கொடுத்தான். லக்ஷ்மணின் சித்திரத்தில் அவனுக்கு இடமெங்கே என வினவுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. மக்களின் கண்ணை அவர் வரைந்தார். மக்களின் வாயை வரைவது அவருக்குப் பின்வருவோரின் கடன்.