வட்டவளை மழையில் ஸ்கூட்டர் ஒயில்

வட்டவளையில் ஸ்கூட்டருக்கு எந்த ஒயில் ஏற்றது என்று கேட்டால், ஏ7 வீதியோரக் கடைகளிலும் கராஜ்களிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மலை ஏறும் வண்டிக்குத் தடித்த ஒயில் வேண்டும். கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில், ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இந்த ஊரில் அப்பதில் பழகிப்போனதாக இருந்தாலும், அது வண்டியின் அமைப்பையும் பார்ப்பதில்லை, ஊரின் வானத்தையும் பார்ப்பதில்லை. ஹொண்டா டியோ 110 வகை ஸ்கூட்டரில் 10டபிள்யூ-30 எம்.பி. தரத்துச் சாதாரண கனிம ஒயிலை ஊற்றி, தென்மேற்குப் பருவமழை வாரங்கள் முழுவதும் தோட்டப் பாதைகளில் ஓட்டியபோது, ஒயிலைக் கெடுத்தது வெப்பத்தைவிட நீரே என்பது தெளிவாயிற்று.

பாகுநிலைக் குறியீடு பலரும் அறிந்ததே. முன்னெண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக இயங்கும் என்பதையும், பின்னெண் 100 பாகை செல்சியஸில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. முச்சக்கர வண்டிகளுக்காகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் 20டபிள்யூ-50, சூடேறிய பின்னரும் 30ஆம் தர ஒயிலைவிடக் கணிசமாகத் தடித்தது. 110 சிசி இயந்திரத்தின் சிறிய வலுவில் ஒரு பகுதியை அது உராய்விலேயே தின்றுவிடுவதால், ரொசல்லைப் பக்கத்து ஏற்றங்களில் இழுவை மந்தமாகிறது. மலையில் இயந்திரம் அளவுமீறிச் சூடாகும் என்ற அச்சம், எதிர்க்காற்றை மட்டுமே நம்பியிருக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தலாம். இவ்வகை ஸ்கூட்டரில் சுழல்தண்டோடு இணைந்த விசிறியே சிலிண்டர் மீது காற்றை ஊதுவதாலும், ஏற்றத்தில் பெல்ட் வழிச் செலுத்துகை இயந்திரத்தைக் கூடுதல் சுழற்சியில் வைத்திருப்பதாலும், வண்டி மெதுவாக ஏறும்போதும் குளிர்காற்றுக்குக் குறைவு ஏற்படுவதில்லை.

எம்.பி. என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ, நான்கு வீச்சு இருசக்கர வண்டிகளுக்காக 1998இல் வெளியிட்ட டி 903 தரத்தில் வரும் பிரிவு. மோட்டார் சைக்கிளின் கிளச் ஒயிலிலேயே மூழ்கியிருப்பதால் அதற்கு வழுக்காத எம்.ஏ. ஒயில் வேண்டும், ஸ்கூட்டரின் கிளச் உலர்ந்த தனியறையில் இருப்பதால் உராய்வு குறைந்த எம்.பி. ஒயில் போதும். எம்.ஏ. ஒயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால் சிறிது எரிபொருள் மட்டுமே கூடுதலாகச் செலவாகும், எம்.பி. ஒயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றினாலோ, ஏற்றத்தில் கிளச் வழுக்கத் தொடங்கும். இரண்டு வண்டியும் நிற்கும் வீட்டில் ஒரே போத்தலைப் பகிர்வது இதனால்தான் ஆபத்து.

இனி நீரின் கதை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. அதன் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போனாலும், ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் அறைக்குள் இறங்குகிறது. ஒயில் நன்றாகச் சூடேறி அந்நிலையில் சற்று நேரம் நின்றால் இந்நீர் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் லயத்திலிருந்து பஜாருக்கும், பஜாரிலிருந்து பாடசாலை வாசலுக்கும், அங்கிருந்து மீண்டும் லயத்துக்கும் சில நிமிடங்கள் மட்டும் ஓடி, இடையிடையே நனைந்து குளிர்ந்து நிற்கும் வண்டியின் ஒயில் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை. டிப்ஸ்டிக் மூடியைக் கழற்றினால், அதன் புரிகளில் பால்தேநீரின் ஆடையைப் போல வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருக்கும். கீழே டிப்ஸ்டிக்கின் நுனியில் ஒயில் வழமையான நிறத்தில் இருக்கவும் கூடும். நீரால் குளிரூட்டப்படும் காரில் இது கேஸ்கெட் பழுதின் அறிகுறியாகலாம். இந்த ஸ்கூட்டரில் குளிரூட்டும் நீரே கிடையாதென்பதால், வண்டியை வெள்ளத்தில் இறக்காதவரை, இயந்திரத்தைப் பிரிக்கச் சொல்லும் ஆலோசனைக்கு அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை. ஆயினும் பசையை அலட்சியம் செய்யலாகாது. நீரோடு கலந்த எரிப்பு வாயுக்கள் அமிலமாகின்றன. அவற்றை ஈடுசெய்ய ஒயிலில் சேர்க்கப்பட்ட காரப் பொருள்கள் ஓட்டிய தூரம் குறைவாக இருக்கும்போதே தீர்ந்துவிடக்கூடும்.

இங்கேதான் டியோவின் சிக்கனம் எரிச்சலூட்டுகிறது. மாற்றக்கூடிய காகித வடிகட்டி அதில் இல்லை. ஒயிலில் சேரும் மாசைத் தடுக்க ஒரு கம்பிவலைச் சல்லடையே உண்டு. வலையில் சிக்காத நுண்துகளும் அமிலமும் நீரும் பழைய ஒயிலை வடித்தெடுக்கும்போதுதான் வெளியேறும். சில மடங்கு விலை கொடுத்து முழுச் செயற்கை ஒயிலை வாங்கி, அந்த விலையை நினைத்தே அதை நெடுநாள் ஓட்டும் பழக்கம் இவ்வூரில் வீண். நீர் அந்த ஒயிலிலும் அவ்வாறே கலக்கிறது. மாற்றத் தேவைப்படுவதோ சுமார் 700 மில்லிலீற்றர் மட்டுமே என்பதால், மலிவான சரியான தரத்து ஒயிலை அடிக்கடி மாற்றுவதே கைக்கும் இயந்திரத்துக்கும் இலாபம்.

போத்தல்களைப் பற்றியும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். முன்புறத்தில் ஸ்கூட்டர் படமும் பந்தயக் கொடியும் பெரிதாக மின்ன, வாங்குபவருக்கு வேண்டிய ஜாசோ கட்டம் பின்புறத்தில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒதுங்கியிருக்கிறது. சிலவற்றில் அது இருப்பதேயில்லை. கட்டமில்லாத போத்தலை, அதன் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தொகுத்துச் சொன்னால், வட்டவளைக்கும் அதையொத்த ஈரத் தோட்டங்களுக்கும், கையேடு வேறு சொல்லாதவரை, 10டபிள்யூ-30 எம்.பி. ஒயிலே பொருத்தம். கையேடு கிலோமீற்றரையும் மாதத்தையும் குறித்து எது முந்துகிறதோ அதைக் கொள்ளச் சொல்லும். குறுந்தூரமே ஓடும் வண்டிக்கு மாதக் கணக்கே முந்தும், பருவமழை முடிந்ததும் தவணை வரும்வரை காத்திராமல் ஒரு மாற்றம் செய்வது நன்று. வாரத்துக்கு ஒருமுறையேனும் நாவலப்பிட்டி வரையோ ஹட்டனைத் தாண்டியோ நிறுத்தாமல் ஓட்டினால் பசை குறையும். ஒயில் அளவைப் பார்க்கும்போது வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் செருகி எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து, குறைவாக உள்ள ஒயிலையும் போதுமென்று நம்பவைத்துவிடும்.